கேட்டு வாங்கிய தட்டு

தஞ்சாவூர்க்காரிக்குச் சோற்றுக்கா பஞ்சம் என்று கேட்காத ஆள் பாக்கி இல்லை. எனக்குக் கோதுமை ஆகாது என்று தெரிந்த நாளிலிருந்து சொந்தக்காரர்கள், பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கும் ஆசிரியைகள், மருந்துக் கடைக்காரர் வரை எல்லோரும் கேட்டாயிற்று. கேட்டுவிட்டு, இதுவரை யாருமே சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டதுபோல ஒரு சிரிப்பு வேறு. நானும் சிரித்துவைப்பேன். முட்டாளிடம் விளக்கம் சொல்வதைவிடச் சிரிப்பது சுலபம்.

இவர்கள் யாரும் சாயங்காலத்துக்கு மேல் தங்கள் வீட்டு அடுப்பையே பார்ப்பதில்லை போலிருக்கிறது. வலங்கைமானிலிருந்து திருவையாறு வரைக்கும் எந்த வீட்டில் இப்போது ராத்திரி சோறு வடிக்கிறார்கள்? வீட்டுக்கு ஒருவருக்காவது சர்க்கரை. டாக்டர் சப்பாத்தி சாப்பிடச் சொல்லியிருக்கிறார். நோய் இல்லாதவர்களும் முன்னெச்சரிக்கையாகச் சாப்பிடுகிறார்கள். நெல்லை மூட்டை மூட்டையாகக் கொள்முதல் நிலையத்தில் இறக்கிவிட்டு, வருகிற வழியில் கோதுமை மாவுப் பாக்கெட் வாங்கி வருகிற விவசாயியை எனக்குத் தெரியும். என் அப்பாதான் அது. சப்பாத்தியை அவர் தின்பதில்லை, விழுங்குகிறார், மாத்திரையை விழுங்குவதுபோல.

எனக்கும் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று ஒரு டாக்டர் சொல்லி, ராத்திரி சப்பாத்திக்கு மாறினேன். வயிறு பானையாக ஊதியது. சாப்பிட்டதெல்லாம் தங்காமல் போனது. ரத்தம் குறைந்து, கரும்பலகையில் சமன்பாடு எழுதும்போது கை நடுங்கியது. ஒருவர் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார். ஒருவர் பூச்சி மருந்து கொடுத்தார். இன்னொருவர் என் வயதைக் கேட்டுவிட்டு, இந்த வயதில் பெண்களுக்கு இதெல்லாம் இருக்கும் என்று சொல்லி இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். எல்லோரும் மறக்காமல் சொன்ன ஒரே விஷயம், ராத்திரி சப்பாத்தியை விட்டுவிடாதீர்கள் என்பது. கடைசியில் தஞ்சாவூரில் ஓர் இளம் டாக்டர் தொண்டைக்குள் குழாய் விட்டுக் குடலைப் பார்த்துவிட்டு, சீலியாக் என்றார்.

பரோட்டா மாவை இழுத்தால் அறுந்துபோகாமல் ரப்பர் மாதிரி வருகிறதல்லவா, அந்த இழுவைக்குக் காரணமான புரதத்தின் பெயர் குளூட்டன். கோதுமையிலும் பார்லியிலும் இன்னும் ஒன்றிரண்டு தானியங்களிலும் இருக்கிறது. என் குடல் அதை எதிரியாக நினைத்துச் சண்டை போட்டு, தன்னையே புண்ணாக்கிக்கொள்கிறது. கொஞ்சமாகச் சாப்பிடலாமா என்ற கேள்விக்கே இடமில்லை. கோதுமை பட்ட கரண்டியை என் சோற்றில் வைத்தால்கூடப் போதும், மூன்று நாள் படுக்கை. வேதியியல் சொல்லிக் கொடுக்கிறவள் என்பதால் எனக்கு இது உடனே புரிந்தது. மற்றவர்களுக்கு இன்றுவரை புரியவில்லை. ‘கோதுமை ஒத்துக்காதுன்னா மைதா சாப்பிடுங்களேன்’ என்கிறார்கள்.

என் மகள் ஜெர்மனியில் படித்துவிட்டு அங்கேயே வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கோடை விடுமுறைக்கு அவளிடம் போவதென்று முடிவானபோது, ஊரே ஒன்றுகூடி என்னைப் பயமுறுத்தியது. ரொட்டி தின்கிற தேசத்துக்குப் போய் என்ன செய்யப்போகிறாய் என்றார்கள். அதற்கு நானும் பயந்தேன், பொய் சொல்வானேன். ஆனால் போகிற காரியத்தில் இன்னொரு காரியத்தையும் என் தலையில் கட்டிவிட்டார் அப்பா.

எங்கள் ஊர் வலங்கைமான் பக்கம். ஊரில் பெரிய வீடு என்றால் ஒரே வீடுதான். அப்பா இளவட்டமாக இருந்த காலத்தில் அந்த வீட்டுப் பண்ணையாள். நட்டது, அறுத்தது, களத்தில் அடித்தது, மூட்டையைத் தோளில் சுமந்துபோய் அவர்கள் பத்தாயத்தில் கொட்டியது எல்லாம் எங்கள் தெரு ஆட்கள். கொட்டிவிட்டுக் கொல்லை வழியாகவே திரும்பிவிட வேண்டும். வாசற்படி ஏறக்கூடாது. சாப்பாடு கொல்லையில். அப்பாவுக்கென்று ஓர் அலுமினியத் தட்டு சுவரோரம் கவிழ்ந்து கிடக்கும். அதை எடுத்து நீட்டினால் மேலேயிருந்து போடுவார்கள். சாப்பிட்டு முடித்ததும் அப்பாவே கழுவி, எடுத்த இடத்தில் கவிழ்த்துவைக்க வேண்டும். அந்த வீட்டு மனிதர்கள் யாரும் அந்தத் தட்டைத் தொட மாட்டார்கள். டீக்கடை கிளாசுக்கும் இதே சட்டம்தான்.

இப்போது அந்த வீட்டு நிலத்தில் மூன்று மா அப்பா பெயரில் பட்டாவாகியிருக்கிறது. வீடு பூட்டிக் கிடக்கிறது. பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். அதில் கடைசிப் பையன் இருப்பது என் மகள் இருக்கும் அதே ஜெர்மன் ஊரில். பொங்கல் விழா ஒன்றில் இவளைப் பார்த்து, எந்த ஊர் என்று விசாரித்து, யார் பேத்தி என்று தெரிந்ததும் கண்கலங்கிவிட்டாராம். அம்மா வரும்போது கட்டாயம் நம் வீட்டுக்குச் சாப்பிட வரவேண்டும் என்று அப்போதே சொல்லிவைத்துவிட்டார்.

விமானம் ஏறுவதற்கு முன் அப்பாவைப் பார்க்கப் போனேன். அங்கேயிருந்து என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டேன்.

“ஒன்னும் வேணாம்மா. அந்த வீட்டுல உக்காந்து ஒரு வேள சாப்ட்டுட்டு வா. எனக்கு அது போதும்.”

எனக்கு எரிச்சலாக வந்தது. “அவங்க வீட்டுச் சோறு இனிமே நமக்கு ஒட்டவா போவுது?” என்றேன்.

“ஒட்டாதுதான். நீ சாப்ட்டு வா.”

சொல்லிவிட்டு டிவியில் செய்தி பார்க்க ஆரம்பித்துவிட்டார். எண்பது வயதைத் தாண்டியவர் என்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. கேட்டது இது ஒன்றுதான். அதனால் எரிச்சலோடு அதையும் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

விமானத்தில் எனக்கென்று குளூட்டன் இல்லாத சாப்பாடு சொல்லிவைத்திருந்தாள் மகள். எல்லோருக்கும் முன்னால், என் பெயர் ஒட்டிய தட்டு வந்தது. ஏதோ மந்திரிக்கு வருவதுபோல இருக்கிறதே என்று ஆசையாகப் பிரித்தால், உள்ளே பொரி. நம் ஊரில் ஆயுத பூஜைக்கு ஆட்டோவுக்குப் படைக்கிற அதே பொரியை அமுக்கி, வட்டமாக வெட்டி, உறை போட்டுவைத்திருக்கிறார்கள். உப்பில்லை, கடலையில்லை, வெல்லமில்லை. நெல் விளைகிற மண்ணிலிருந்து போகிறவளுக்கு ஆகாயத்தில் வைத்து வெறும் பொரி கொடுத்து அனுப்புகிறவர்களை என்ன சொல்வது. பக்கத்து இருக்கைக்காரர் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே, டயட்டா மேடம் என்று கேட்டார்.

ஜெர்மனியில் குளூட்டன் இல்லாத பண்டங்களுக்கென்று கடையில் ஓர் அலமாரியே இருக்கிறது. முதல் தடவை பார்த்தபோது கோயிலுக்குள் நுழைந்ததுபோலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வாங்கி வந்து தின்று பார்த்த பிறகு பக்தி போய்விட்டது. அந்த ரொட்டியை எதில் செய்கிறார்கள் என்று உறையைத் திருப்பிப் பார்த்தால், அரிசி மாவு. அரிசியை அரைத்து, அதில் ஏதேதோ பசையையும் நாரையும் கலந்து, கோதுமை ரொட்டி மாதிரி வேஷம் கட்டிவிட்டு, கோதுமை ரொட்டியைப் போல மூன்று மடங்கு விலை சொல்கிறார்கள். பிட்டால் சுவர்ச் சுண்ணாம்பு மாதிரி உதிர்கிறது. அரிசிக்கு இப்படி ஓர் அவமானம் வேறெங்கும் நடந்து நான் பார்த்ததில்லை. இட்லி என்று ஒன்று இருக்கிறது, அதை யாராவது இவர்களுக்குச் சொல்லக் கூடாதா?

சோறாவது ஒழுங்காக வடிப்பார்களா என்றால் அதுவும் இல்லை. அரிசியை ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பையில் அடைத்து விற்கிறார்கள். பையோடு தூக்கிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, பையோடு எடுத்து, தொங்கவிட்டு வடிக்க வேண்டும். மகள் அதை வசதி என்றாள். நான் அந்தப் பையை வெட்டி, அரிசியைக் கொட்டி, கழுவி, பாத்திரத்தில் வடித்தேன். இதற்குப் பையை வாங்குவானேன் என்றாள். இதே கேள்வியைத்தான் நானும் கேட்கிறேன் என்றேன்.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர்கள் என்னோடு வாதாடவில்லை. ஓர் இத்தாலியச் சாப்பாட்டுக் கடையில், மகள் விஷயத்தைச் சொன்னதும் முதலாளியே எழுந்து வந்தார். தனிச் சட்டி, தனிக் கத்தி, தனிப் பலகை என்று விரல்விட்டுச் சொன்னார். எங்கள் இரண்டு பேருக்கும் சாப்பாடு வந்தபோது என் தட்டில் மட்டும் ஒரு பல்குத்தும் குச்சியில் காகிதக் கொடி நட்டிருந்தது, மற்ற தட்டோடு கலந்துவிடாமல் இருக்க. சோளமாவில் செய்த சேமியா போல ஏதோ ஒன்று, தக்காளிக் குழம்பு ஊற்றியது. அதை நான் வழித்துச் சாப்பிட்டேன். தனித் தட்டு என்று என் மனதில் அப்போது எதுவும் ஓடவில்லை. பசி, அவ்வளவுதான்.

வாதாடியவர்கள் எல்லாம் நம்மவர்கள். அந்த ஊரில் நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடை ஒன்று இருந்தது. தோசை உண்டு என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் என் கால் தானாக உள்ளே போனது. மாவில் ரவை, மைதா எதுவும் கலப்பீர்களா என்று கேட்டேன். “அக்கா, சுத்தமான அரிசியும் உளுந்தும்தான். சத்தியமா” என்றார் கடைக்காரர். அவர் சத்தியம் உண்மைதான். ஆனால் என் தோசைக்கு முன்னால் அதே கல்லில் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதைச் சொல்லவில்லை. நான் கேட்கவில்லையாம், அதனால் அவர் சொல்லவில்லையாம். பிறகு மகள் போய்ச் சண்டை போட்டபோது, “கல்லுல ஒட்டுனது வயித்துல ஒட்டுமா?” என்று கேட்டிருக்கிறார். ஒட்டியது. மூன்று நாள் மகளின் குளியலறைத் தரையில் துண்டு விரித்துப் படுத்துக் கிடந்தேன், எழுந்து கட்டிலுக்குப் போகவும் தெம்பில்லாமல்.

இந்த நிலையில்தான் பெரிய வீட்டு விருந்து வந்தது. திங்கட்கிழமை எனக்கு விமானம். சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட வரச்சொல்லியிருந்தார்கள். மகள் முன்கூட்டியே செய்தி அனுப்பி, அம்மாவுக்குக் கோதுமை கூடவே கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருந்தாள். அந்த வீட்டம்மா பதிலுக்குக் கைகூப்பும் பொம்மை நான்கு அனுப்பியிருந்தார். போகலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வயிறு வேண்டாம் என்றது. அப்பா கேட்டது நினைவுக்கு வந்தது. ஊரில் அந்த வீட்டுக்கு இனி யாரும் சமைக்க வரப்போவதில்லை. அந்த வீட்டு மனிதர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டுமென்றால் அது இங்கேதான், இந்த ஒரு நாள்தான்.

வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார் பெரிய வீட்டுக் கடைசிப் பையன். என்னைவிட நான்கைந்து வயது இளையவர், நல்ல உயரம், அவர் அப்பாவின் அதே மூக்கு. நான் வணக்கம் சார் என்றேன்.

“சாரெல்லாம் வேணாம்க்கா. தம்பின்னு கூப்பிடுங்க. உங்கப்பா எங்க வீட்டுல ஒருத்தர் மாதிரி.”

வீட்டில் ஒருத்தர் கொல்லையில் குந்திச் சாப்பிட மாட்டாரே தம்பி என்று நாக்கு நுனி வரை வந்தது. மகள் என் முழங்கையைப் பிடித்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினேன். ஏறும்போது அப்பாவை நினைத்துக்கொண்டேன், மறைக்க மாட்டேன்.

உட்காரவைத்து அவர் பேசியதைக் கேட்டிருக்க வேண்டும். தன் வீட்டில் சாதியே கிடையாது என்றார். தன் பிள்ளைகளுக்கு அந்த வார்த்தையே தெரியாது என்றார். அந்தக் காலத்தில் நடந்ததை நினைத்தால் ராத்திரி தூக்கம் வருவதில்லை என்றார். ஆள் பார்க்க நன்றாகத் தூங்கி எழுந்தவர் மாதிரிதான் இருந்தார். தன் மனசாட்சியைக் கழுவிக்கொள்ள அவருக்கு எங்கள் தெருவிலிருந்து ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறது, நான் விமானம் ஏறி வந்து சிக்கியிருக்கிறேன் என்று தோன்றியது. அவர் மனைவி மன்னார்குடிப் பக்கத்துக்காரர். நல்ல பெண். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

மேசையில் பரப்பியிருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

“கோதுமையே தொடலக்கா” என்றார் அந்தப் பெண், பெருமையோடு. “சப்பாத்தி, பூரி ஒன்னும் பண்ணல. கேசரி, சேமியா பாயசம், வெஜிடபிள் போண்டா, சாம்பார், ரசம், பொரியல். எல்லாம் நம்ம ஊர் சாப்பாடு.”

ரவை எதிலிருந்து வருகிறது என்று நம் ஊரில் யாரும் யோசிப்பதில்லை. ரவை ரவையிலிருந்து வருகிறது, சேமியா சேமியாவிலிருந்து வருகிறது, மைதா மைதா மரத்தில் காய்க்கிறது. கோதுமை என்றால் அது சப்பாத்தி மட்டும். போண்டா மொறுமொறுப்பாக வருவதற்கு ஒரு கை மைதா சேர்த்ததாக அவரே சொன்னார். சாம்பாருக்கும் ரசத்துக்கும் போட்ட பெருங்காயத்தைப் பார்க்கக் கேட்டேன். டப்பாவைக் கொண்டுவந்தார். பெருங்காயப் பிசினை அப்படியே கடையில் விற்பது அரிது, மாவு சேர்த்துத்தான் தூளாக்குகிறார்கள். இதில் சேர்த்தது கோதுமை மாவு என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. பொரியலுக்கும் அதே பெருங்காயம். கோதுமை தொடாத சமையலில் கோதுமை தொடாதது வெள்ளைச் சோறு ஒன்றுதான். அந்தச் சோற்றுப் பாத்திரத்திலும், என் கண் முன்னாலேயே, சாம்பார்க் கரண்டியைப் போட்டுக் கிளறிவிட்டார் தம்பி.

நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல நிதானமாகத்தான் சொன்னேன். அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, காலையிலிருந்து நின்று சமைத்திருக்கிறார். எளிதாக முடித்துவிடலாம் என்று நினைத்து அவரிடம் திரும்பினேன்.

“எனக்கு ஒன்னும் சிரமப்பட வேணாம். ஒரு கைப்பிடி அரிசி, சின்னப் பாத்திரம், தனியா ஒரு தட்டு, தனியா ஒரு கரண்டி. புது நாரு போட்டு நல்லாக் கழுவினதா இருக்கணும். தயிர் இருந்தா போதும்.”

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது.  தம்பியின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது.

“அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதீங்கக்கா” என்றார். “தனித் தட்டுங்கிற பேச்சே இந்த வீட்டுல கிடையாது. நான் உசுரோட இருக்குறவரைக்கும் கிடையாது.”

“அய்யோ தம்பி, இது அது இல்ல. இது வயித்துக்கு.”

“எதுக்கா இருந்தாலும் சரிக்கா. உங்களுக்குத் தனித் தட்டு வச்சு வெறும் சோறு போட்டேன்னா, எங்கப்பாவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?”

சொன்னதோடு நிற்கவில்லை. தன் தட்டிலிருந்த கேசரியைப் பாதி பிட்டு, தன் கையாலேயே என் தட்டில் வைத்தார். ஒரே தட்டு மாதிரி சாப்பிடுவோம்க்கா என்றார்.  நெய் மினுங்க, முந்திரியோடு, என் அப்பா வாழ்நாளெல்லாம் கனவிலும் காணாத மரியாதை என் முன்னால் ஆவி பறந்துகொண்டிருந்தது. அதில் ஒரு துளி உள்ளே போனால் திங்கட்கிழமை விமானத்தின் கழிப்பறையில் கிடப்பேன்.

“அங்கிள், அம்மாவுக்கு அது விஷம்” என்றாள் மகள்.

“ஒரே ஒரு வாய்ம்மா. எனக்காக.”

உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு வாயைத் தின்றுவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவருக்காக அல்ல. ஊரில் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறவருக்காக. அந்த வீட்டுப் பிள்ளை தன் கையால் எடுத்துவைத்ததைச் சாப்பிட்டேன் என்று சொன்னால் அந்த மனிதருக்கு எப்படி இருக்கும். மூன்று நாள் வலிதானே. கையை நீட்டியும் விட்டேன். அப்போது தம்பியின் கண்ணைப் பார்த்தேன். நான் தின்னப்போகிறேன் என்ற நிம்மதி அதற்குள் அந்தக் கண்ணில் வந்திருந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் சுருண்டு கிடந்தாலும் பரவாயில்லை, இவருக்குத் தூக்கம் வர வேண்டும். அன்றைக்கு அந்த வீட்டுக்கு என்ன சவுகரியமோ அதன்படி நாங்கள் தின்றோம். இன்றைக்கும் அவர்கள் சவுகரியப்படியேதான் தின்ன வேண்டுமாம்.

தட்டை அவர் பக்கம் தள்ளிவைத்தேன்.

“தம்பி, எங்கப்பா தனித் தட்டு கேக்கல. கேக்காமலே குடுத்தீங்க. நான் கேக்குறேன். இப்பயும் உங்க இஷ்டம்தான் நடக்கணுமா?”

 நான் கத்தவில்லை, வகுப்பில் பேசும் குரல்தான். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டார். தம்பி நாற்காலியை நகர்த்திவிட்டு எழுந்து சமையலறைக்குள் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். கதவு திறந்தே இருந்தது. அலமாரியைத் திறந்து ஒரு வெள்ளைத் தட்டை எடுத்தார். ஒரு சின்னப் பாத்திரத்தை எடுத்தார். அவர்கள் வீட்டில் பாத்திரம் கழுவ மிஷின் இருக்கிறது. அதைத் திறக்கப் போனவர் நின்று, திரும்பி என்னைப் பார்த்தார்.

“இதுல போட்டா ஆகாதுல்லக்கா?”

“கேசரிச் சட்டியோட சேர்ந்து கழுவும். கையால கழுவுறது நல்லது. பழைய நாரு வேணாம்.”

உறையைக் கிழித்துப் புது நார் எடுத்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தொட்டியில் குனிந்து, முதலில் தட்டைத் தேய்த்தார். பிறகு பாத்திரம், பிறகு கரண்டி. அவர் வீட்டில் இந்த வேலையை அவர் அதிகம் செய்தவரில்லை என்பது அவர் மனைவி பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. சோப்பு முழங்கை வரை வழிந்தது.

அரிசியை நானே களைந்து வைத்தேன். அவர்கள் இரண்டு பேரும் என் பக்கத்திலேயே நின்றார்கள். வெந்த சோற்றைத் தட்டில் போட்டுத் தயிர் ஊற்றி, உப்பும் பச்சை மிளகாயும் வைத்துக்கொண்டு, அதே மேசையில், தம்பிக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஊறுகாயிலும் பெருங்காயம் என்பதால் அதையும் தள்ளிவைத்துவிட்டேன். பதார்த்தங்கள் மணத்துக்கொண்டு கிடந்தன. அவர்கள் சாம்பாரைத் தலைகுனிந்து சாப்பிட்டார்கள். மனசாட்சி பற்றிய பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை, அதுவே எனக்குப் பெரிய விருந்தாக இருந்தது. சோறும் குழையாமல் பதமாக வந்திருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு நான் எழுந்தேன். எல்லோர் வீட்டிலும் செய்வதுதான். தொட்டியை நோக்கி இரண்டு எட்டு வைத்திருப்பேன். தம்பி எழுந்து வந்து கையை நீட்டினார்.

“குடுங்கக்கா.”

நான் உடனே கொடுக்கவில்லை. எச்சில் தட்டு, தயிர் ஒட்டியிருக்கிறது. அவர் கையை மடக்கவில்லை. கொடுத்தேன். திரும்பி நடந்து தொட்டியில் வைத்து, மிஷினில் போடாமல், மறுபடி அந்தப் புது நாராலேயே கழுவினார். இந்தத் தடவை என் வயிற்றுக்காக அதைக் கழுவ வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. நான் கை கழுவக்கூடப் போகாமல் அங்கேயே நின்று பார்த்தேன்.

மறுநாள் காலை ஊருக்குப் போன் செய்தேன். ஊரில் மத்தியானச் சாப்பாடு முடிந்திருக்கும் நேரம். அப்பா முதல் மணியிலேயே எடுத்தார்.

“போனியா?”

“போனேம்ப்பா.”

“படி ஏறுனியா?”

“ஏறுனேன். மேசையில அவங்களோடயே உக்காந்து சாப்ட்டேன்.”

“என்ன போட்டாங்க?”

“தயிர்ச் சோறு.”

மறுமுனையில் சின்னதாக ஓர் ஏளனச் சத்தம். பெரிய வீட்டில் தயிர்ச் சோறா என்பது அதன் பொருள். பிறகு கேட்டார்.

“எதுல?”

பொய் சொல்லியிருக்கலாம். அவரிடம் எனக்குப் பொய் வராது. “தனித் தட்டுலப்பா. வயித்துக்காக நான்தான் கேட்டு வாங்குனேன்.”

  வயிற்றைப் பற்றி, பெருங்காயத்தைப் பற்றி, குளூட்டனைப் பற்றி எப்படி விளக்குவது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவருக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை.

“கழுவுனது யாரு?” என்றார்.

“அவருதாம்ப்பா. சாப்பிடறதுக்கு முன்னாடியும் அவருதான், சாப்பிட்டப்புறமும் அவருதான்.”

“பெரியய்யா மவனா?”

“ஆமாப்பா.”

“சரி” என்றார் அப்பா. “எங்க கவுத்து வச்சான்?”